காயம்பட்ட கால், பதினோரு ஆண்டு இடைவெளி, 364 கிலோமீட்டர்: களைப்பைக் கையாளத் தெரிந்த மைக் ஹெயில்வுட்டின் கதை

திருவனந்தபுரம்: விடுமுறை நாள்களின் அதிகாலையில் திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடி மலைக்கு மோட்டார் சைக்கிளில் செல்வோர் ஏராளம். தூரம் ஏறக்குறைய 60 கிலோமீட்டர். கல்லாறைக் கடந்தபின் 22 கொண்டை ஊசி வளைவுகள். உச்சியை அடைய சுமார் இரண்டு மணி நேரம் பிடிக்கும். பழக்கமில்லாதவர்களுக்கு மேலே போய்ச் சேர்வதற்குள் முன்கைகள் கனத்துவிடும், தோள்கள் இறுகிவிடும்.

பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் இடையே உள்ள மேன் தீவில் நடைபெறும் டி.டி. மோட்டார் சைக்கிள் பந்தயத்தின் ஒரு சுற்றும் ஏறத்தாழ இதே தூரம்தான்: 60.7 கிலோமீட்டர். 1978ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் தேதி, 38 வயதான ஒருவர் அந்தச் சுற்றை ஆறு முறை, அதாவது மொத்தம் 364 கிலோமீட்டர் தூரத்தை, 2 மணி 5 நிமிடங்களில் ஓட்டி முடித்து வெற்றி பெற்றார். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில், திருநெல்வேலி, மதுரை கடந்து ஏறக்குறைய திண்டுக்கல் வரை செல்லும் தூரம் அது. அவர் அந்தத் தீவில் கடைசியாகப் பந்தயம் ஓட்டிப் பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன. நான்கு ஆண்டுகளுக்கு முன் கார் விபத்தில் நொறுங்கிய கால் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. அவர் பெயர் மைக் ஹெயில்வுட்.

மோட்டார் சைக்கிள் பந்தய வரலாற்றின் மிகச் சிறந்த வீரர் யார் என்ற கேள்வி எழும்போதெல்லாம் இன்றும் அவர் பெயர் முன்வரிசையில் நிற்கிறது. 76 கிராண்ட் பிரீ வெற்றிகள், ஒன்பது உலகச் சாம்பியன் பட்டங்கள், மேன் தீவில் 14 வெற்றிகள் என்று அவரது கணக்கு நீள்கிறது. இந்த எண்களைவிடக் கவனிக்கத்தக்கது, ஒரே நாளில் மூன்று பந்தயங்களைத் தாங்கும் உடலையும், இரண்டு மணி நேரம் கவனம் சிதறாத மனத்தையும் அவர் எப்படிப் பெற்றார் என்பதே.

பதினேழு வயதில் பதினோராம் இடம்:

1940 ஏப்ரல் 2ஆம் தேதி இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷயர் மாவட்டத்திலுள்ள கிரேட் மில்டன் ஊரில் ஹெயில்வுட் பிறந்தார். தந்தை ஸ்டான் ஹெயில்வுட் மோட்டார் சைக்கிள் விற்பனைத் தொழிலில் பெரும் பொருள் ஈட்டியவர். மகனுக்குப் பணத்தட்டுப்பாடு என்பது எந்நாளும் இருந்ததில்லை. நல்ல வண்டிகளும் அவற்றைப் பழுது நீக்க ஆள்களும் தொடக்கத்திலேயே வாய்த்தன. பணக்காரத் தந்தையின் பிள்ளை என்ற ஏளனப் பேச்சும் கூடவே வந்தது.

1957 ஏப்ரல் மாதம் ஓல்டன் பார்க் களத்தில் முதல் பந்தயம். கிடைத்த இடம் பதினொன்று. அந்த ஆண்டின் குளிர்காலத்தில் இங்கிலாந்துக் களங்கள் ஓய்ந்திருந்தபோது அவர் தென்னாப்பிரிக்காவுக்குச் சென்று பந்தயம் ஓட்டினார். திரும்பி வந்ததும் வாரந்தோறும் ஒவ்வொரு ஊர். ஒவ்வொரு கூட்டத்திலும் 125, 250, 350, 500 சி.சி. எனப் பல பிரிவுகளில் பங்கேற்பார். ஒரு வண்டியிலிருந்து இறங்கி, நீர் அருந்திவிட்டு, அடுத்த வண்டியில் ஏறுவார். எடை வேறு, வேகம் வேறு, பிரேக் பிடிக்கும் விதம் வேறு.

இன்றைய பயிற்சியாளர்கள் மிதிவண்டி, ஓட்டம், எடைப் பயிற்சி எனப் பிரித்துப் பிரித்துக் கொடுப்பதை ஹெயில்வுட்டுக்குப் பந்தய இருக்கையே மொத்தமாகக் கொடுத்தது. இளம் வீரர்கள் அவரைப் பார்த்து உடற்பயிற்சி நேர அட்டவணை போட்டுக்கொள்ள முடியாது. இரவு விருந்துகளையும் இசையையும் நேசித்த மனிதர் அவர். கிட்டாரும் பியானோவும் வாசிப்பார். இன்றைய அணி மேலாளர் எவரும் அவரது மாலைப் பொழுதுகளை ஒப்புக்கொண்டிருக்க மாட்டார். ஆனால் ஆண்டுக்கணக்கில் இடைவிடாது ஓட்டியதால் அந்தத் தொழிலுக்கு வேண்டிய தசைகள் தாமாகவே வலுப்பெற்றன. எந்தத் தசையை எப்போது தளர்த்த வேண்டும் என்பதும் உடலுக்குப் பாடமாகிவிட்டது.

களைப்பு எங்கே தொடங்குகிறது?

மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் வண்டிதானே ஓடுகிறது, மனிதருக்கு என்ன களைப்பு என்று கேட்போர் உண்டு. நேர்ச்சாலையில் தலையைத் தாழ்த்திப் படுத்திருக்கும் வீரர், வளைவு வரும் கணத்தில் நிமிர்கிறார். காற்று நெஞ்சில் அறைகிறது. பிரேக் பிடித்ததும் உடலின் எடை முழுவதும் முன்னோக்கிப் பாய, அதைக் கைகளும் தொடைகளும் தாங்குகின்றன. அடுத்த நொடி வண்டியை ஒரு பக்கம் சாய்த்து, மறு நொடி மறுபக்கம் சாய்க்க வேண்டும். இது ஒரு பந்தயத்தில் நூற்றுக்கணக்கான முறை நிகழ்கிறது.

முதலில் அடிபணிவது முன்கை. கிளட்ச், பிரேக் நெம்புகோல்களை ஓயாமல் இழுப்பதால் முன்கைத் தசைகளில் இரத்தம் பாய்ந்து அவை வீங்குகின்றன. தசையைச் சுற்றியுள்ள உறை அதற்கேற்ப விரிந்து கொடுப்பதில்லை. அழுத்தம் கூட, விரல்கள் மரத்துப்போகின்றன. பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே தெரியாமல் போகும். பந்தய வீரர்கள் ஆர்ம் பம்ப் என்று சொல்லும் இந்தத் தொல்லைக்குத் தமிழில் நிலைபெற்ற சொல் இல்லை. முன்கை இறுக்கம் என்று சொன்னால் ஓரளவு பொருந்தும். இன்றைய மோட்டோ ஜி.பி. வீரர்களில் பலர் இதற்காக அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள். கைப்பிடியை இறுக்கிப் பிடிப்பவருக்கு இது விரைவில் வரும். முழங்கால்களால் எரிபொருள் தொட்டியைப் பற்றிக்கொண்டு கைகளைத் தளர்வாக வைப்பவருக்குத் தாமதமாக வரும்.

இரண்டாவது, நீரிழப்பு. 2023 செப்டம்பரில் டெல்லியை அடுத்த கிரேட்டர் நொய்டாவின் புத் களத்தில் இந்தியாவின் முதல் மோட்டோ ஜி.பி. பந்தயம் நடந்தபோது, வெப்பத்தைக் கருதிச் சுற்றுகளின் எண்ணிக்கை 24இலிருந்து 21ஆகக் குறைக்கப்பட்டது. அப்படியிருந்தும் இரண்டாம் இடம் பிடித்த ஸ்பெயின் வீரர் ஹோர்ஹே மார்ட்டின் பந்தயம் முடிந்ததும் நீரிழப்பால் நிலைகுலைந்தார். ஆண்டு முழுவதும் உடற்பயிற்சியே தொழிலாகக் கொண்டவரின் நிலை அது.

மூன்றாவதுதான் மிகக் கொடியது. தமிழில் களைப்பு என்றும் சோர்வு என்றும் அயர்ச்சி என்றும் தனித்தனிச் சொற்கள் உள்ளன. உடல் களைப்பதை வீரர் உடனே உணர்ந்துவிடுவார். மனம் அயர்வதை உணர்வதற்குள் வண்டி பாதையை விட்டு விலகியிருக்கும். மணிக்கு 175 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 48 மீட்டர் கடந்துபோகிறது. மேன் தீவின் பாதையில் இருநூறுக்கும் மேற்பட்ட வளைவுகள். பாதையின் ஓரத்தில் கல்சுவர்களும் வீடுகளும் விளக்குக் கம்பங்களும். அங்கே ஒரு நொடி அயர்ந்தவர்களுக்கு மறுவாய்ப்பு கிடைப்பது அரிது. 1907 முதல் நடந்துவரும் அந்தப் பந்தயங்களில் இருநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்துள்ளனர்.

ஒரே வாரத்தில் மூன்று வெற்றி:

1961இல் ஹெயில்வுட் மேன் தீவில் ஒரே வாரத்தில் 125, 250, 500 சி.சி. ஆகிய மூன்று பிரிவுகளிலும் வென்றார். அதுவரை எவரும் செய்யாதது அது. முதல் இரண்டும் ஹோண்டாவில், மூன்றாவது நார்ட்டனில். 350 பிரிவிலும் முன்னிலையில் இருந்தபோது கடைசிச் சுற்றில் ஏ.ஜே.எஸ். வண்டியின் எஞ்சின் பழுதாகாதிருந்தால் நான்காக ஆகியிருக்கும். அவ்வாண்டே 250 பிரிவில் முதல் உலகப் பட்டம் கிடைத்தது. பின்னர் இத்தாலியின் எம்.வி. அகுஸ்டா நிறுவனத்துக்காக 1962 முதல் 1965 வரை தொடர்ந்து நான்கு முறை 500 சி.சி. உலகப் பட்டத்தை வென்றார்.

அந்தக் காலத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சி அவரது தாங்குதிறனுக்குச் சான்று. 1964 பிப்ரவரி 2ஆம் தேதி அமெரிக்காவின் டேடோனா களத்தில் அமெரிக்க கிராண்ட் பிரீ நடைபெற இருந்தது. அன்று பந்தயத்துக்கு முன்னரே அவர் எம்.வி. வண்டியில் ஒரு மணி நேரம் இடைவிடாது ஓட்டி, மணிக்குச் சராசரி 233 கிலோமீட்டர் என்ற உலகச் சாதனையைப் படைத்தார். இறங்கினார், சற்று இளைப்பாறினார், அதே நாளில் கிராண்ட் பிரீயில் பங்கேற்று அதையும் வென்றார். சாதனை ஓட்டத்தில் ஒரு மணி நேரம் முழுவதும் உடலை வண்டியோடு ஒட்டிக்கொண்டு கிடக்க வேண்டும். கழுத்தும் முதுகும் இறுகிப்போகும். அதன்பின் மீண்டும் தளர்ந்த கைகளோடு வளைவுகளில் வண்டியைச் சாய்க்க முடிந்ததுதான் வியப்பு.

1965இல் மேன் தீவின் சீனியர் பந்தயத்தில் மழையில் சறுக்கி விழுந்தார். வளைந்த பகுதிகளைக் காலால் உதைத்து நிமிர்த்தி, முகத்தில் இரத்தத்தோடு மீண்டும் ஏறி ஓட்டி, அந்தப் பந்தயத்தையும் வென்றார்.

ஹோண்டாவோடு மல்லுக்கட்டு:

1966இல் ஹோண்டா அணிக்குத் திரும்பினார். ஆறு சிலிண்டர் கொண்ட சிறிய வண்டிகள் அவர் சொன்னபடி கேட்டன. 250, 350 ஆகிய இரு பிரிவுகளிலும் 1966, 1967 ஆகிய இரண்டு ஆண்டுகளும் உலகப் பட்டம் அவருக்கே. 500 சி.சி. வண்டியோ வேறு கதை. எஞ்சினில் ஆற்றல் மிகுதி, அதைத் தாங்கும் சட்டகமோ வலுக்குறைவு. வேகத்தில் வண்டி பாம்புபோல் நெளியும். சிறு வண்டிகளில் தளர்வாக வைத்திருந்த கைகளை இதில் இறுக்கியே ஆக வேண்டும். ஓட்டுநரின் ஆற்றல் பந்தயத்துக்குச் செலவாகாமல் வண்டியை அடக்குவதற்கே செலவாயிற்று.

1967 ஜூன் மாதம் மேன் தீவில் அந்த வண்டியில் அவர் இத்தாலியின் ஜாக்கோமோ அகோஸ்டினியை எதிர்கொண்டார். அந்த வாரத்தில் அவர் ஏற்கெனவே இரண்டு பந்தயங்களை வென்றிருந்தார். ஓட்டத்தின் நடுவே வலக்கைப் பிடியிலிருந்த த்ராட்டில் தளர்ந்து கழன்றுவர ஆரம்பித்தது. எரிபொருள் நிரப்ப நின்றபோது சுத்தியலால் தட்டிப் பார்த்தார்கள், பயனில்லை. நெளியும் வண்டியை அடக்கியபடியே, கழலும் பிடியை உள்ளே தள்ளிக்கொண்டே ஓட்டினார். ஐந்தாம் சுற்றில் அகோஸ்டினியின் வண்டிச் சங்கிலி அறுந்தது. ஹெயில்வுட் 2 மணி 8 நிமிடங்களில் முடித்தார். அவர் அன்று எட்டிய, மணிக்கு 175 கிலோமீட்டர் என்ற ஒரு சுற்றுச் சராசரியை 1975 வரை எவராலும் முறியடிக்க முடியவில்லை.

அடுத்த வாரமே நெதர்லாந்தின் ஆசென் களம். ஒரே நாளில் 250, 350, 500 மூன்றிலும் முதலிடம். மூன்று பந்தயங்களும் சேர்ந்து 400 கிலோமீட்டருக்கும் மேல். இப்போதைய மோட்டோ ஜி.பி. வீரர் ஞாயிற்றுக்கிழமை ஓட்டுவது ஒரே ஒரு முக்கால் மணி நேரப் பந்தயம். வேகமும் பிரேக் அழுத்தமும் இப்போது கூடுதல் என்பதால் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிடுவது சரியாகாது. ஆனாலும் அந்த நாளின் கணக்கைப் படிக்கும்போது மலைப்பு ஏற்படத்தான் செய்கிறது.

அந்த ஆண்டின் 500 சி.சி. பட்டம் மட்டும் நழுவியது. புள்ளிகளிலும் வெற்றிகளிலும் அகோஸ்டினியோடு சமம். இரண்டாம் இடங்களின் எண்ணிக்கையில் அவர் பின்தங்கினார். பருவம் முடிந்ததும் ஹோண்டா பந்தயங்களிலிருந்து விலகியது. வேறு அணிக்கு ஓட்டாமல் இருப்பதற்காக நிறுவனம் அவருக்குப் பெருந்தொகை வழங்கியது. 27 வயதில் உலக மோட்டார் சைக்கிள் பந்தயங்களிலிருந்து அவர் ஏறத்தாழ வெளியேறிவிட்டார்.

நெருப்பும் முறிவும்:

பின்னர் கார்கள். 1969இல் பிரான்சின் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டேவிட் ஹாப்ஸுடன் மாறி மாறி ஓட்டி மூன்றாம் இடம். 1972இல் ஐரோப்பிய ஃபார்முலா 2 பட்டம். 1973 மார்ச்சில் தென்னாப்பிரிக்க கிராண்ட் பிரீயில் கிளே ரெகஸோனியின் காரும் அவருடைய காரும் மோதித் தீப்பற்றின. வெளியேறிய ஹெயில்வுட், நெருப்புக்குள் மீண்டும் சென்றார். அவர் ஆடையிலேயே தீ பிடித்தது. அது அணைக்கப்பட்டதும் மறுபடி சென்று ரெகஸோனியை வெளியே இழுத்தார். அந்தத் துணிவுக்காக பிரிட்டன் அரசு அவருக்கு ஜார்ஜ் பதக்கம் வழங்கியது.

1974 ஆகஸ்டில் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் களத்தில் நடந்த விபத்தில் அவரது கால் நொறுங்கியது. கார்ப் பந்தய வாழ்வு அத்துடன் முடிந்தது. குடும்பத்தோடு நியூசிலாந்துக்குச் சென்று குடியேறினார்.

அங்கே ஓய்வு அவருக்குப் பிடிபடவில்லை. 1977இல் ஆஸ்திரேலியாவின் ஆறு மணி நேர மோட்டார் சைக்கிள் பந்தயம் ஒன்றில், மற்றொரு வீரரோடு மாறி மாறி டுகாட்டி ஓட்டினார். நெடுநேரம் இருக்கையில் அமர உடல் இன்னும் ஒத்துழைக்கிறது என்பது தெரிந்தது. அடுத்த ஆண்டு மேன் தீவுக்குத் திரும்ப முடிவெடுத்தார்.

பலர் அஞ்சினர். முன்னணி வீரர்கள் பலர் ஆபத்தைக் காரணம் காட்டிப் புறக்கணித்ததால், 1977 முதல் அந்தப் பந்தயம் உலக கிராண்ட் பிரீ பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டிருந்தது. அத்தகைய பாதைக்கு 38 வயதில், வளையாத கணுக்காலோடு ஒருவர் திரும்புவது தற்கொலைக்குச் சமம் என்றே கருதப்பட்டது.

டுகாட்டி என்ற தேர்வு:

அவரது வெற்றியின் பாதி, வண்டித் தேர்விலேயே அடங்கியிருந்தது. மான்செஸ்டர் நகரில் ஸ்டீவ் வின் நடத்திய பட்டறை தயார் செய்த டுகாட்டி 900, அன்றைய ஜப்பானிய வண்டிகளைவிடக் குதிரைத்திறனில் குறைந்தது. ஆனால் அதன் இரட்டை சிலிண்டர் எஞ்சின் குறைந்த சுழற்சியிலேயே நல்ல இழுவிசை தரும். கியரை ஓயாமல் மாற்ற வேண்டியதில்லை. நீண்ட சட்டகம் வளைவுகளில் கோடு கிழித்தாற்போல் நிலையாகச் செல்லும். 1967இல் ஹோண்டா அவரிடமிருந்து பிடுங்கிய ஆற்றலை 1978இல் டுகாட்டி அவரிடமே விட்டுவைத்தது. ஆறாவது சுற்றிலும் கைகள் தளர்வாக இருக்க அதுவே காரணமாயிற்று. களைப்பைத் தாங்குவதைவிட அதை வரவிடாமல் செய்வதே மேல் என்று அனுபவம் அவருக்குக் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும்.

முக்கியப் போட்டியாளர் ஹோண்டாவின் ஃபில் ரீட். டி.டி.யில் வீரர்கள் ஒன்றாகப் புறப்படாமல் இடைவெளி விட்டுப் புறப்படுவார்கள். தமக்கு முன்னே கிளம்பிய ரீடை ஹெயில்வுட் சாலையிலேயே எட்டிப் பிடித்தார். ஐந்தாம் சுற்றில் ரீடின் வண்டி பழுதாகி நின்றது. ஏறக்குறைய இரண்டு நிமிட முன்னிலையில் ஹெயில்வுட் கோட்டைக் கடந்தார். சராசரி வேகம் மணிக்கு 174.6 கிலோமீட்டர். அந்த வெற்றியோடு ஃபார்முலா 1 உலகப் பட்டமும், அதாவது பத்தாவது பட்டமும் கிடைத்தது. அதே வாரத்தில் யமஹா வண்டிகளில் ஓட்டிய மற்றப் பந்தயங்களில் அவருக்கு வெற்றி கிட்டவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

1979இல் மீண்டும் வந்தார். சுஸுகியில் சீனியர் பந்தயத்தை, மணிக்கு 183 கிலோமீட்டரைத் தாண்டிய ஒரு சுற்றுடன் வென்றார். அதே வாரத்தில் மற்றொரு பந்தயத்தை, இரண்டு மணி நேர ஓட்டத்துக்குப் பின், அலெக்ஸ் ஜார்ஜிடம் 3.4 நொடியில் இழந்தார். அதோடு விடைபெற்றார்.

இன்றைய தலைமுறை:

ஹெயில்வுட் தம் போக்கில் கற்றுக்கொண்டவை இன்று பாடமாகியுள்ளன. திருவனந்தபுரம் காரியவட்டத்தில் உள்ள லட்சுமிபாய் தேசிய உடற்கல்விக் கல்லூரி போன்ற நிறுவனங்களில் தாங்குதிறன், மீட்சி, நீர்ச்சத்து ஆகியவை முறையாகக் கற்பிக்கப்படுகின்றன. 2024இல் கேரளத்தின் ஷொர்ணூரைச் சேர்ந்த ஹரித் நோவா, சவூதி அரேபியப் பாலைவனத்தில் இரண்டு வாரம் நீண்ட டக்கார் பந்தயத்தில் ராலி 2 பிரிவை வென்றார். அத்தகைய ஓட்டத்தில் இரவு எவ்வளவு உறங்கினோம் என்பதும் பந்தயத்தின் ஒரு பகுதி. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டை களத்தில் வெயிலில் தோல் உடையோடு ஓட்டும் இளம் வீரர்களுக்கு, நீரும் உப்பும் டயரைப் போலவே முக்கியம்.

கடைசிப் பயணம்:

1981 மார்ச் 21ஆம் தேதி, சனிக்கிழமை மாலை. இங்கிலாந்து திரும்பி வார்விக்ஷயர் பகுதியில் குடியிருந்த ஹெயில்வுட், மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் வாங்கிவர மகளையும் மகனையும் காரில் அழைத்துச் சென்றார். போர்ட்வே அருகே, திரும்பத் தடை செய்யப்பட்ட இடத்தில் ஒரு லாரி சாலையின் குறுக்கே திரும்பியது. கார் அதில் மோதியது. ஒன்பது வயது மகள் அங்கேயே உயிரிழந்தார். மகன் பிழைத்தார். இரண்டு நாள் கழித்து, மார்ச் 23ஆம் தேதி, பர்மிங்காம் மருத்துவமனையில் ஹெயில்வுட் காலமானார். அப்போது அவருக்கு வயது 40. லாரி ஓட்டுநருக்கு விதிக்கப்பட்ட தண்டனை 100 பவுண்டு அபராதம்.

மேன் தீவின் பந்தயப் பாதை, கடலோர நகரங்களைக் கடந்து மலை மீது ஏறி, சுமார் 420 மீட்டர் உயரத்தில் உச்சியைத் தொட்டு, மறுபக்கம் இறங்குகிறது. அந்த உச்சிக்கு இப்போது ஹெயில்வுட் மேடு என்று பெயர்.